ரவைக்கோதும் காந்தமும்

நண்பர்களே, இது நீளமான பதிவு. பாடசாலை விடுமுறையில் எழுதுகிறோம், நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். "நாங்கள்" என்று எழுதுவதைப் பெரிய மனிதத் தோரணை என்று நினைக்க வேண்டாம். இந்த விடயத்தை ஆசிரியர் அறையிலும் வீட்டிலும் பேசிப் பேசி, எது யாருடைய கருத்து என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது.

கடந்த தவணையில் தரம் 9க்கு உலோகங்கள் பற்றிய பாடம். வீட்டிலிருந்து ஆளுக்கொரு உலோகத் துண்டு கொண்டு வாருங்கள், காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்ப்போம் என்று சொல்லியிருந்தோம். கரண்டி வந்தது. ஆணி, சாவி, சைக்கிள் செயினில் கழன்ற ஒரு கண்ணி, ஐந்து ரூபாய் நாணயம், சோற்றுப் பெட்டி மூடி எல்லாம் வந்தன. கடைசி வாங்கிலிருந்த ஒரு பையன் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தது ஒரு வெற்று ரவைக்கோது.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. செம்பு நிறம். வாய்ப்பக்கம் ஒடுங்கி, ஓரத்தில் லேசாகத் துரு. "சேர், இது ஒட்டுமா?" என்று கேட்டான்.

நாங்கள் முதலில் செய்தது என்ன தெரியுமா? அதன் மேல் கையை வைத்து மூடினோம். பிறகு கதவைப் பார்த்தோம். பிறகுதான் பையனைப் பார்த்து, "எங்கே எடுத்தாய்?" என்று கேட்டோம். வெள்ளவத்தைப் பக்கம் மாமி வீட்டுக்குப் போனபோது கடற்கரை ரயில் பாதையோரம் கிடந்ததாம். அதிபரிடம் கொடுத்தோம். அவர் பொலிஸுக்கு அறிவித்தார். ஒருவர் வந்து புத்தகத்தில் இரண்டு வரி எழுதி, அதை ஒரு கடித உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பையனின் தாய் அழுதுகொண்டு வந்தார், அழுதுகொண்டே போனார். அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

அந்தப் பையன் எங்கள் சமூகத்தவன் அல்லன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். அவன் மேசையில் வைக்கும்போது அவனிடம் எந்தப் பயமும் இருக்கவில்லை. பயம் முழுவதும் எங்களுடையது. ஒரு முஸ்லிம் ஆசிரியரின் மேசையில் ரவைக்கோது. அந்த ஒரு வரியைச் செய்தித் தலைப்பாக வாசித்துப் பாருங்கள்.

மறுநாள் அவன் மறுபடியும் கேட்டான். "சேர், அது ஒட்டுமா, ஒட்டாதா?" பதில் தெரிந்தும் சொல்லாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பினோம். இருபது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர்கள் ஒரு காந்தக் கேள்விக்குப் பயந்து திரும்பிய கதை இது.

பயத்தின் காரணத்தை ஒளிக்கப் போவதில்லை. 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்கள் பாடசாலையிலிருந்து நடக்கும் தூரம். அன்று நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் எங்கள் பெயர்களைப் போன்ற பெயர்களை வைத்திருந்தவர்கள். அந்த வெட்கம் எங்களுக்கு இன்றும் உண்டு. அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். நாங்கள் சொல்ல வந்தது அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்த ஒரு சின்னக் காரியத்தை.

மே மாத முதல் வாரத்தில் பொலிஸ் ஓர் அறிவித்தல் விட்டது. வாள்கள், பெரிய கத்திகள், படையினரின் சீருடையைப் போன்ற துணிகள் வைத்திருப்பவர்கள் அந்த வார இறுதிக்குள் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அன்றாட வேலைக்குப் பயன்படும் கத்திகளுக்கு விலக்கு உண்டு என்றும் அதே அறிவித்தல் சொன்னது. எங்கள் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான்.

வாப்பாவிடம் ஓர் உழ்ஹிய்யாக் கத்தி இருந்தது. பழைய சோனகத் தெருவில், இரும்புக் கடைகள் நெருக்கிக்கொண்டு நிற்குமே, அங்கே எழுபதுகளில் வாங்கியது. லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி என்று பெருமையாகச் சொல்வார். வருடத்தில் ஒரு நாள் வெளியே வரும். மற்ற நாட்களில் தேங்காயெண்ணெய் தடவிய துணியில் சுற்றி அலுமாரி மேல் கிடக்கும். அறுக்கும் முன் கத்தியை நன்றாகத் தீட்ட வேண்டும், பிராணிக்கு நோவு தரக் கூடாது, அதன் கண் முன்னே தீட்டவும் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது அந்தக் கத்தியை வைத்துத்தான்.

நோன்பு தொடங்க இரண்டு இரவுகள் இருந்தன. காக்காவும் நாங்களும் அதைப் பத்திரிகையில் சுற்றி, ரயில் பாதையைத் தாண்டிப் போய்க் கடலில் வீசினோம். அவசரத்தில் தேங்காய் உடைக்கும் மன்னாக் கத்தியும் சேர்ந்து போய்விட்டது. மறுநாள் உம்மா வாசற்படியில் அடித்துத் தேங்காய் உடைத்தார். ஒன்றும் பேசவில்லை.

எத்தனையோ வீடுகளில் இதுதான் நடந்தது. இதை வாசிக்கும் சிலர் இப்போது தலையாட்டுவீர்கள் என்று தெரியும். அடுத்த வாரமே, மே 13ஆம் திகதி, வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் எங்கள் கடைகளும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்தில் தன் தச்சுப் பட்டறையில் நின்ற ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நாங்கள் மீன் வெட்டக் கத்தியில்லாமல் இருந்த நேரத்தில் வாள்களோடு வீதியில் இறங்க ஆட்கள் இருந்தார்கள். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லை.

ஆனால் அந்தப் பயம் அலுமாரியோடு நிற்கவில்லை. வகுப்பறைக்கு வந்தது. சாரணர் பாசறைக்குப் போகும் பிள்ளைகளின் பொருட்பட்டியலில் மடக்குக் கத்தி இருந்தால், "என் மகன் மட்டும் கொண்டு வராமல் விடலாமா?" என்று கேட்டு வரும் பெற்றோர் எங்கள் பெற்றோராகத்தான் இருந்தார்கள். பச்சைப் புள்ளி போட்ட முதுகுப்பை, தொப்பி எல்லாம் வீட்டில் ஒளிந்தன. ஒரு கயிற்றை வெட்டத் தெரியாத சாரணனை உருவாக்கினோம். வரலாற்றுப் பாடத்தில் வாள் வந்தால் வேகமாகக் கடந்தோம். விஞ்ஞானத்தில் உருக்கு வந்தால் பாலத்தையும் ரயில் தண்டவாளத்தையும் மட்டும் சொன்னோம். இப்படியே ஆறேழு வருடம்.

இப்போது பையனின் கேள்வி. அது ஒட்டும். நிச்சயமாக ஒட்டியிருக்கும்.

செம்பு நிறமாக இருந்தாலும் அது செம்பும் அல்ல, பித்தளையும் அல்ல. வாயோரத்தில் சிவப்புத் துரு இருந்ததே, பித்தளை அப்படித் துருப்பிடிக்காது. உள்ளே இருப்பது மென்னுருக்கு. மேலே மெல்லிய செம்புப் பூச்சு, துருவைத் தாமதப்படுத்துவதற்கு. உலகத்தில் ரவைக்கோது பெரும்பாலும் பித்தளையில்தான் செய்யப்பட்டு வந்தது. பித்தளை விரிந்து கொடுக்கும், சுட்டவுடன் சுருங்கி இலகுவாக வெளியே வரும். ஆனால் செம்பு விலை கூடியது. கோடிக்கணக்கில் ரவை தேவைப்பட்ட சோவியத் யூனியனும் சீனாவும் உருக்குக்கு மாறின. நம் நாட்டில் படையினரின் தோளிலும் பாதாள உலகத்தவரின் பையிலும் ஒருசேரக் காணப்படும் டி-56 சீனத் தயாரிப்பு. அதற்கென்று சீனாவில் செய்த ரவைகளில் கோதும் உருக்கு, பாயும் குண்டின் நடுவிலும் உருக்குக் கரு. ஈயத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலைதான், ஆனால் உருக்குக் கரு ஈயத்தைப் போல நசுங்காது, கூடுதலாக ஊடுருவும். வெளிநாடுகளில் உள்ளரங்கச் சூட்டுப் பயிற்சி நிலையங்களில் வாடிக்கையாளர் கொண்டு வரும் ரவையில் முதலில் காந்தம் வைத்துத்தான் பார்ப்பார்கள். ஒட்டினால் உள்ளே விடமாட்டார்கள், சுவர்த் தகடு பழுதாகும் என்று. எங்கள் பையன் கேட்ட அதே கேள்வி அங்கே அன்றாடத் தொழில்.

துவக்குக் குழல் இன்னொரு கதை. ஒரு ரவை வெடிக்கும் கணத்தில் குழலுக்குள் வளிமண்டல அமுக்கத்தைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேல் அமுக்கம் எழும். கண்ணாடி போலக் கடினமான உருக்கு அங்கே உதவாது, வெடித்துச் சிதறும். களிமண் போல மென்மையானதும் உதவாது, வீங்கிவிடும். காபன் 0.4 வீதம் அளவில், குரோமியமும் மொலிப்டினமும் கொஞ்சம் சேர்த்து, சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்திய உருக்கு வேண்டும். நமது கிராமங்களில் காட்டுப் பன்றிக்கென்று தண்ணீர்க் குழாயை வெட்டிக் கட்டும் கட்டுத் துவக்குக்கு இந்தப் பதம் எதுவும் கிடையாது. கட்டியவனின் கையிலேயே வெடிக்கலாம். வெடிக்காவிட்டால் யானையின் காலிலோ, விடியற்காலை வயலுக்குப் போன அயல்வீட்டுக்காரரின் முழங்காலிலோ பாயும். இதை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் காபனையும் அமுக்கத்தையும் வைத்து விளங்கப்படுத்தினால், அவன் அந்தக் குழாயைத் தொடுவானா?

இன்னொன்று. இது எங்களுக்கு மிகப் பிடித்தது. 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி என்பவரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டிருந்தது. துவக்குக் குழல்கள் உள்ளே சீக்கிரம் தேய்கின்றன, தேயாத உருக்கு கண்டுபிடியுங்கள் என்று. அவர் ஏறத்தாழ 13 வீதம் குரோமியம் சேர்த்துப் பார்த்தார். அந்த உருக்கை அமிலம் அரிக்கவில்லை, துருவும் பிடிக்கவில்லை. துவக்கை விட்டுவிட்டு மேசைக் கத்தி செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது. இன்று உங்கள் பிள்ளை கொண்டு போகும் எவர்சில்வர் சோற்றுப் பெட்டியின் வம்சம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதில் நிக்கலும் சேர்ந்திருப்பதால் அநேகமாகக் காந்தம் ஒட்டாது. அன்று மேசையில் சோற்றுப் பெட்டி மூடியும் ரவைக்கோதும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரே காந்தம், ஒன்று ஒட்டும், ஒன்று ஒட்டாது. வாழ்க்கையில் இதைவிட நல்ல பாடம் எங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. அதைக் கையால் மூடினோம்.

இனி எங்கள் நாட்டுக் கதைக்கு வருவோம். அதைச் சொல்வதற்கு முன் ஒரு வேண்டுகோள். வட்ஸ்அப்பில் டமஸ்கஸ் வாள் பற்றி ஒரு பதிவு சுற்றுகிறது. பட்டுத் துணியைக் காற்றில் வெட்டும், நனோ தொழில்நுட்பம் முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு, மேற்குலகம் திருடிவிட்டது என்று போகும். 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 17ஆம் நூற்றாண்டு டமஸ்கஸ் வாள் ஒன்றில் காபன் நனோ குழாய்களைக் கண்டதாக எழுதியது உண்மை. மற்றதெல்லாம் மசாலா. தயவுசெய்து அதை அனுப்பாதீர்கள். அந்த வாள்களுக்கான உருக்கு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காட்டு விறகோடும் களிமண்ணோடும் போராடிய, பெயர் தெரியாத மனிதர்களின் உழைப்பு. "உருக்கு" என்று நாம் சொல்லும் சொல்லுக்கும் கன்னடத்தின் "உக்கு"வுக்கும் ஐரோப்பியர் சொன்ன "வூட்ஸ்" என்பதற்கும் உறவு உண்டு என்று மொழியறிஞர்கள் சொல்வார்கள். டமஸ்கஸ் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சிலோன் டீ என்ற பெட்டியில் இருக்கும் பெயர் கொழுந்து பறித்தவரின் பெயர் அல்லவே, அதுபோலத்தான்.

உண்மைக் கதை மசாலாவைவிட நன்றாக இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-கிந்தி என்ற தத்துவ அறிஞர் கலீஃபா முஃதஸிமுக்காக வாள்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்த உருக்கு எங்கிருந்து வருகிறது, எதை எப்படி அடையாளம் காண்பது என்று பிரித்துப் பிரித்து எழுதியவர். அதில் செரண்டீப் உருக்கு ஒரு தனி வகை. செரண்டீப் என்றால் நாம்தான், இந்தத் தீவு. இங்கிருந்து போன உருக்கைத் தூர தேசங்களில் வாளாக அடித்தார்கள்.

அந்த உருக்கு எங்கே செய்யப்பட்டிருக்கலாம் என்று நீண்ட காலம் தெளிவில்லாமல் இருந்தது. பலாங்கொடைப் பக்கம் வளவை கங்கைக்குக் குறுக்கே சமனலவெவ அணை கட்டும் வேலை நடந்தபோது, தண்ணீரில் மூழ்கப் போகும் நிலத்தைத் தொல்லியலாளர்கள் தேடிப் பார்த்தார்கள். ஜில் ஜுலெஃப் என்ற ஆய்வாளரின் குழு மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக உருக்குலைகளின் எச்சங்களைக் கண்டது. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான காலம். துருத்தி கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி உலையின் முன்சுவருக்கு மேலாகப் பாய்கிறது. சுவரைத் தாண்டியவுடன் அங்கே அமுக்கம் குறைகிறது. அந்தக் குறைவு, சுவரில் பதித்த களிமண் குழாய்களின் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. விமானச் சிறகின் மேல் அமுக்கம் குறைவது பற்றி உயர்தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோமே, அதே சங்கதி. ஐரோப்பிய விஞ்ஞானிகளுக்கு அப்படிக் காற்றை மட்டும் நம்பிய உலை உருக்குச் செய்யும் என்று நம்பிக்கையில்லை. ஜுலெஃப் அதே மலையில் அதே மாதிரி உலை கட்டி, பருவக்காற்றில் எரித்துக் காட்டினார். காபன் கூடிய உருக்கே கிடைத்தது. 1996இல் நேச்சர் சஞ்சிகையில் அது வெளிவந்தது.

ஜூலையில் வெள்ளவத்தைக் கடற்கரையில் குடையைத் திருப்பிப் பிடுங்கும் காற்று இருக்கிறதே, அதே காற்றுத்தான். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆசிரியர் அறையில் கேட்டுப் பார்த்தோம். எட்டுப் பேரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மலையில் நின்றவர்கள் முஸ்லிம்கள் அல்லர். வாங்கி விற்ற வணிகர்களில் அரபிகள் இருந்தார்கள், அவ்வளவுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மங்கிக்கொண்டிருந்த இந்தத் தொழிலின் கடைசிக் கொல்லர்களைப் பார்த்து எழுதி வைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்த தமிழர், அப்போது இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளர். சிறு களிமண் குகைகளில் இரும்பையும் மரச்சீவலையும் அடைத்து மூடி எரிக்கும் முறையை அவர் 1908இல் வெளியிட்ட நூலில் வாசிக்கலாம். சிங்களக் கொல்லன் செய்தான், அரபி வாங்கினான், பக்தாதில் எழுதினான், தமிழன் பதிந்து வைத்தான், ஆங்கிலப் பெண் தோண்டியெடுத்தாள். இதில் எந்தச் சமூகத்துப் பிள்ளை தலைகுனிய வேண்டும்?

துவக்கும் அப்படித்தான். அந்தச் சொல்லையே பாருங்கள். துருக்கியில் "துஃபெக்". தமிழ்நாட்டில் துப்பாக்கி, நமக்குத் துவக்கு, சிங்களத்தில் துவக்குவ. போர்த்துக்கேயர் துவக்கோடு வந்து ஒரு நூற்றாண்டு கழிவதற்குள், இங்குள்ளவர்கள் செய்யும் குழல்களின் நேர்த்தியைப் புகழ்ந்து லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தர் எழுதினார். கண்டி இராச்சியத்தின் துவக்குகளை ஒரு பார்வையில் அடையாளம் காணலாம். பொறி இடப்பக்கம் இருக்கும், அடிக்கட்டை இரண்டாகப் பிரிந்து சுருண்டிருக்கும். 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையடித்துக் கொண்டு போன பொருட்களில் ஆறு, 2023இன் கடைசியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்பி வந்தன. லெவுகே திசாவையின் சின்னப் பீரங்கியைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், அதில் பொன்னும் மாணிக்கமும் இருந்தன என்பதால். அதோடு இரண்டு பெரிய துவக்குகளும், இரண்டு கஸ்தான வாள்களும், ஒரு கத்தியும் வந்தன. ஒப்படைக்கப்பட்டது கொழும்பு தேசிய நூதனசாலையிடம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். (காந்தத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும், காவலாளி துரத்துவார்.)

ஒரு நாடு தன் வாளையும் துவக்கையும் கத்தியையும் 258 வருடம் கழித்துத் திரும்பக் கேட்டு வாங்கி வருகிறது. அதே நாட்டில் நாங்கள் தேங்காய்க் கத்தியைக் கடலில் போட்டோம்.

மறுப்புகளும் வந்தன. அவற்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. சக ஆசிரியர் ஒருவர், எங்களைவிட மூத்தவர், "வேண்டாம் தம்பி, எங்கட பெயரும் துவக்கு என்ற சொல்லும் ஒரே வரியில் வர வேண்டாம். ஓய்வூதியம் எடுக்கும்வரை பேசாமல் இருங்கோ" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. இந்த நாட்டில் ஒரு கவிதைக்காகவும் ஓர் உடுப்பின் படத்துக்காகவும் எங்கள் ஆட்கள் உள்ளே இருந்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய யோசனையைத்தான் நாங்கள் ஏற்கனவே ஆறேழு வருடம் செய்து பார்த்துவிட்டோம்.

இன்னொருவர் சொன்னது கூடக் கனமானது. துவக்கைப் பற்றிப் பேசினாலே பிள்ளைகளுக்கு அதன் மேல் ஆசை வரும் என்றார். கொட்டாஞ்சேனையில் இது வெறும் வாதம் அல்ல. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள், நீதவான் முன்னிலையில், சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவன் சந்தேகநபர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். கைத்துப்பாக்கி உள்ளே வந்தது ஒரு தடித்த புத்தகத்துக்குள். பக்கங்களை அந்தத் துவக்கின் வடிவத்திலேயே வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தப் படம் அன்று மாலைக்குள் எங்கள் பிள்ளைகள் எல்லோருடைய கைபேசியிலும் இருந்தது. அதே வாரம் கொட்டாஞ்சேனையிலும் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் இடைவேளையில் பையன்கள் பேசியதைக் கேட்டோம். எந்த ரகம், எத்தனை ரவை, யாருடைய ஆள் என்று எங்களைவிட விபரமாகச் சொன்னார்கள். டிக்டொக் இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஆகவே பேசினால் ஆசை வரும் என்பதல்ல எங்கள் கவலை. பேச்சு ஏற்கனவே நடக்கிறது. அதில் பாட்டு இருக்கிறது, கறுப்புக் கண்ணாடி இருக்கிறது, மெதுவாக ஓடும் காட்சி இருக்கிறது. காபன் இல்லை, அமுக்கம் இல்லை, 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இல்லை, கட்டுத் துவக்கில் கால் போனவரின் ஊன்றுகோல் இல்லை. புத்தகத்தை வெட்டித் துவக்குக்கு இடம் செய்தவர்களைப் பற்றி ஆசிரியர்களாகிய நாங்கள் கோபப்பட்டோம். ஆனால் நாங்கள் செய்ததும் ஒரு வகையில் அதற்கு மறுபக்கம்தான். எங்கள் புத்தகத்திலிருந்து துவக்கின் வடிவத்தில் ஒரு துண்டை நாங்களே வெட்டி எடுத்துவிட்டு, ஓட்டையோடு படிப்பித்தோம்.

மார்க்கத்தைக் காட்டிக் கேட்பவர்களுக்கும் ஒரு சொல். குர்ஆனில் இரும்பு என்றே பெயருள்ள ஓர் அத்தியாயம் உண்டு, 57ஆவது. அங்கே இரும்பின் கடுமையும் மனிதருக்கு அதனால் வரும் பயன்களும் ஒன்றாகவே சொல்லப்படுகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறைக்கவில்லை. இரும்பு இளக்கிக் கொடுக்கப்பட்ட தாவூத் நபி அலைஹிஸ்ஸலாம் செய்ததாகச் சொல்லப்படுவது போர்க் கவசம். மதரஸாவில் வாளைப் பற்றி உணர்ச்சியாகப் பேசிய சிலரைச் சின்ன வயதில் நாங்களும் கேட்டிருக்கிறோம், கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக ஞாபகம் இல்லை. அந்தப் பேச்சுகளுக்கு நாங்கள் எதிர்ப்பேதும் சொல்லாமல் இருந்ததும் எங்கள் கணக்கில்தான் வரும்.

அதிபரிடம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். தரம் 9க்கு இரண்டு பாடவேளை கேட்டிருக்கிறோம், விஞ்ஞானமும் வரலாறும் சேர்ந்து. ஒரு பழைய லொறி ஸ்பிரிங் துண்டு, பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். ஓர் அரிவாள், ஒரு மேசைக் கத்தி, ஒரு சோற்றுப் பெட்டி, ஒரு சத்திரசிகிச்சைக் கத்தரி. மாணவர் ஒருவரின் தாய் தாதியாக இருக்கிறார், பாவித்துக் கழித்ததைத் தருவதாகச் சொன்னார். ரவைக்கோது வேண்டாம், படம் போதும். தெருவில் அப்படி ஏதும் கண்டால் கையால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதும் பாடத்தில் வரும். வெடிக்காத ரவையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பிறகு நூதனசாலைக்கு ஒரு நாள். சமனலவெவக்கும் கூட்டிப் போக ஆசை, பஸ் வாடகையைப் பார்த்துவிட்டு அதைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டோம். யாராவது உதவ முன்வந்தால் மறுக்க மாட்டோம்.

மற்றப் பாடசாலைகளில் விஞ்ஞானமோ வரலாறோ படிப்பிக்கும் எங்கள் ஆட்கள் இதை வாசித்தால், நீங்களும் உங்கள் அதிபரிடம் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். ஒளித்துச் செய்ய வேண்டிய பாடம் அல்ல இது. எங்கள் கடிதத்தின் பிரதி வேண்டுமானால் உட்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறோம்.

கடைசியாக ஒன்று. போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் பழைய சோனகத் தெருவுக்குப் போனோம், 2019க்குப் பிறகு முதல் தடவையாகக் கத்தி வாங்க. கடைக்காரர் இளவயதுக்காரர், இரண்டு மூன்றை எடுத்துப் போட்டார். ஸ்பிரிங் பட்டையில் அடித்ததா என்று கேட்டோம். நகத்தால் சுண்டிக் காட்டினார், நல்ல சத்தம். நாங்கள் கேட்காமலே நான்கு பத்திரிகைத் தாள்களில் சுற்றி, நூலால் கட்டி, கறுப்புப் பையில் போட்டார். பிறகு, இதையும் கேட்காமலே, கடை முத்திரை குத்திய பில் ஒன்றை எழுதி, "இதைக் கையில வச்சுக்கங்க சேர்" என்றார். வெள்ளவத்தை வரை பஸ்ஸில் கத்தி மடியில் இருந்தது, பில் சட்டைப் பையில். நான்கு தடவை தொட்டுப் பார்த்திருப்போம், பில்லைத்தான்.